ஆர்கேட் பேனலுக்குச் சேனல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு ஹாலில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு டிவி ஸ்டாண்டு போட்டால் மிச்சம் இருப்பது நடக்கிற வழிதான். அந்த இடத்தில் ஆர்கேட் கேபினட், அதாவது வீடியோ கேம் கடைகளில் நிற்கிற மாதிரி ஒரு விளையாட்டுப் பெட்டி செய்து வைத்தால், ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் உள்ள பலகை (இதைத்தான் பேனல் என்பார்கள்) வழியை மறிக்கும். ஆடும்போது வெளியே இழுத்து, முடிந்ததும் உள்ளே தள்ளிவிடுகிற மாதிரி டிராயர் சேனலில், அதாவது மேஜை டிராயர் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தில், மாட்டிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் நாள் சாயங்காலமே அக்கா மகன் ஜாய்ஸ்டிக்கை ஒரு வேகத்தில் முன்னே தள்ள, பலகை மொத்தமும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவன் விரல் முட்டி கேபினட் விளிம்பில் இடித்ததுதான் மிச்சம்.

டிராயருக்குள் துணி கிடக்கும், கரண்டி கிடக்கும். கனம் இருந்தாலும் அது அசையாத கனம். ஆர்கேட் பேனல் அப்படியல்ல. தள்ளுவார்கள், இழுப்பார்கள், பட்டனைக் குத்துவார்கள், தோற்கப்போகிற நேரத்தில் மொத்த உடம்பையும் அதன் மேல் சாய்ப்பார்கள். இதை மறந்துவிட்டு டிராயருக்கு வாங்குவது போலவே சேனல் வாங்கியதுதான் என் முதல் தவறு.

சைடன்ஹாம்ஸ் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். "நாப்பத்தஞ்சு கிலோ போட்டுருக்கு பாரு தம்பி, இன்னா பயம் உனக்கு?" கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். 30 இன்ச் நீளம், 14 இன்ச் அகலத்தில் 18 மி.மீ. பிளைவுட் பலகை சுமார் 3 கிலோ வரும். ஜாய்ஸ்டிக், பட்டன், வயர், சுற்றுப் பலகை எல்லாம் சேர்த்தாலும் 7, 8 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் கிலோ ஒரு ஜோடி சேனலுக்கு, அதுவும் கனம் டிராயர் முழுக்கப் பரவலாக இருக்கும்போது. வெளியே நீட்டிய பலகையின் முன் விளிம்பில் இரண்டு பேர் மணிக்கட்டை ஊன்றினால் அது கடப்பாறை போட்டு நெம்புகிற கதைதான். கேரம் ஆடி வளர்ந்த ஏரியா நம்முடையது. பலகையில் கையை ஊன்றாமல் ஆடச் சொன்னால் யார் கேட்பார்கள்?

அதனால் கிலோவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கடையிலேயே சேனலை முழுக்க நீட்டி, ஒரு முனையைக் கெட்டியாகப் பிடித்து, மறுமுனையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். நல்ல சேனல் லேசாகத்தான் அசையும். மட்டமானது 'கடகட' என்று சத்தம் போட்டுத் தலையைத் தொங்கப்போடும். ஒரே நீளத்தில் இரண்டு ஜோடிகளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தகடு எது தடிமன் என்று தெரிந்துவிடும். கனமானதையே எடுங்கள். உருளை வைத்த பழைய மாடல் வெள்ளைச் சேனல் விலை குறைவுதான். ஆனால் அது முழுக்க வெளியே வராது, பலகையின் பின்பக்கம் கேபினட்டுக்குள்ளேயே நின்றுவிடும். பால் பேரிங் என்கிற குட்டிக் குண்டுகள் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் தகடுகள் நீண்டு முழு நீளமும் வெளியே வருகிற டெலஸ்கோப்பிக் சேனல்தான் இதற்குச் சரிப்படும்.

அடுத்தது பூட்டு. இதைத்தான் பலரும் யோசிப்பதே இல்லை. சாதாரண டெலஸ்கோப்பிக் சேனல் மூடிய நிலையில் லேசாகக் கவ்விக்கொள்ளும். திறந்த நிலையில் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. மெதுவாக மூடுகிற சாஃப்ட் குளோஸ் சேனல் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இங்கே அதனால் பயன் இல்லை. தட்டினால் திறக்கிற வகை இன்னும் மோசம். நடந்து போகிறவர் இடுப்பு பட்டால் பலகை வெளியே எட்டிப் பார்க்கும். முழுக்க இழுத்ததும் பூட்டிக்கொள்கிற லாக் சேனல் தனியாக உண்டு, கிடைத்தால் அதையே வாங்குங்கள். எனக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் நாலு இன்ச் டவர் போல்ட் இரண்டை வாங்கி, பேனல் பெட்டியின் இரண்டு பக்கமும் உட்புறமாக மாட்டினேன். பலகையை முழுக்க இழுத்த நிலையில் தாழ்ப்பாள் கம்பி கேபினட்டின் பக்கப் பலகையில் எங்கே தொடுகிறதோ அங்கே பென்சிலால் குறித்து ஓட்டை போட்டேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு தள்ளு. அதன் பிறகு பலகை அசையவே இல்லை.

இனி அளவு. கடையில் 16 இன்ச் சேனல் என்றால் மூடிய நிலையில் அதன் நீளம் 16 இன்ச். கேபினட்டின் உள் ஆழத்தை அளந்து, பின்பலகையையும் வயர் வருகிற இடத்தையும் கழித்துவிட்டு நீளத்தை முடிவு செய்யுங்கள். 10 இன்ச்சிலிருந்து 24 இன்ச் வரை இரண்டிரண்டு இன்ச்சாக ஏறும். ஜாய்ஸ்டிக்கின் உருண்டை பலகைக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று அளக்கவும் மறக்காதீர்கள். பலகை உள்ளே போகும்போது அந்த உருண்டை நுழையாவிட்டால் சேனல் போட்டு என்ன லாபம்?

எனக்கு அதிகம் அடி கொடுத்தது அகலக் கணக்குதான். சேனல் ஒன்றின் தடிமன் 12.7 மி.மீ., அதாவது அரை இன்ச். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு இன்ச். பேனல் பெட்டி கேபினட்டின் உள் அகலத்தைவிடச் சரியாக ஒரு இன்ச் குறைவாக இருக்க வேண்டும். ஆசாரி அப்படித்தான் அறுத்துக் கொடுத்தார். அப்புறம் நான் அழகுக்காகப் பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. மைக்கா ஒட்டினேன். இடைவெளியில் 2 மி.மீ. காணாமல் போனது. பலகை பாதி வரை வந்து இறுகி நின்றது. முட்டியால் இடித்துத் தள்ளியதில் ஒரு பக்கத்துக் குண்டுகள் தரையில் சிதறி கட்டிலுக்கு அடியில் ஓடின. ஒரு ஜோடி சேனல் வீண். மைக்கா எல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் அளக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி கூடினால் வாஷர் வைத்துச் சரிக்கட்டலாம், குறைந்தால் மரத்தைத்தான் செதுக்க வேண்டும். முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு என்று இரண்டு இடத்திலும் டேப் வைத்துப் பாருங்கள். பின்னால் குறுகலாக இருந்தாலும் இறுகும்.

சேனலைப் பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் மாட்ட வேண்டும். இடம் மிச்சமாகும் என்று பலகைக்கு அடியில் படுக்கவைத்து மாட்டினால் தாங்கும் கனம் பெரிதும் குறைந்துவிடும், தகடு வளைய ஆரம்பிக்கும். திருகு போடும்போது முதலில் நீள்வட்ட ஓட்டைகளில் மட்டும் போட்டு, ஓடவிட்டுப் பார்த்துச் சரிசெய்த பிறகு வட்ட ஓட்டைகளில் போட்டு இறுக்குங்கள். திருகின் தலை துருத்திக்கொண்டிருந்தால் நடுத் தகடு அதில் உரசும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு மட்டும் வேண்டவே வேண்டாம். நாலு தடவை சாய்ந்தால் திருகு தூளோடு கையில் வந்துவிடும்.

வயர் விஷயம் சுலபம்தான். பலகையை முழுக்க வெளியே இழுத்து வைத்துக்கொண்டு நீளம் பார்த்து வெட்டுங்கள், உள்ளே போகும்போது சேனல் பக்கம் தொங்காதபடி கட்டிவிடுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலோரமாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்றில் துத்தநாகம் பூசிய சாதாரணச் சேனல் சீக்கிரமே செம்பழுப்பாகிவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேனல் விலை கூட, ஆனால் கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டுக்கு அந்தச் செலவு தகும். துரு சத்தம் கேட்டதும் அம்மா கொண்டுவந்து கொடுக்கிற தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். நாளடைவில் அது பசையாகி, மரத்தூளும் கேரம் பவுடரும் ஒட்டி, குண்டுகள் உருளாமல் இழுபடும். பழையதைத் துடைத்துவிட்டு மெல்லிசாக கிரீஸ் போட்டால் போதும்.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகு எனக்கு ஒரு பயம் வந்தது. பலகை ஒரு அடிக்கு மேல் வெளியே நிற்க, அதில் இரண்டு பேர் சாய்ந்ததும் கேபினட்டின் பின்னங்கால் தரையை விட்டு எழும்பியது. முன்பின் ஆழம் குறைந்த கேபினட் என்றால் இது நடக்கும், சேனல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடக்கும். எல் கிளாம்ப் என்கிற 'L' வடிவ இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு பிணைப்பதுதான் முறையான வழி. ஆனால் எங்களுடையது வாடகை வீடு, சுவரில் டிரில் போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார். கேபினட்டுக்குள் அடித்தட்டில், பின்பக்கச் சுவரை ஒட்டி, ஒரு மூட்டை மணலை இறுகக் கட்டி வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வீடு கட்டப்போகிறாயா என்று கேட்கிறார்கள்.