பொம்ம ரயில் கிரேன் கொக்கி ஏறலன்னா எங்கேந்து பாக்கணும்

எங்க வீடு ராயபுரம், மொட்ட மாடில நின்னா ஹார்பர் கிரேனுங்க கைய நீட்டிக்கினு நிக்கிறது தெரியும், அத பாத்தே வளந்ததாலயோ என்னவோ மாடல் ரயில் செட்டுல எனக்கு இஞ்சினவிட மோட்டார் கிரேன் மேலதான் ஆச. ஆனா ஆறு மாசம் அட்டப்பொட்டில போட்டுட்டு வெளிய எடுத்தா மக்கர் பண்ணும். உடனே மோட்டார் பூடுச்சுன்னு கழட்டிடாதீங்க. கடலோரத்துல நான் பாத்த வரைக்கும் மோட்டார் கெட்டது கம்மி, உப்புக்காத்துல காண்டாக்ட் களிம்பு பூத்ததும் பழைய கிரீஸ் காஞ்சி பிசினானதும்தான் ஜாஸ்தி.

மொதல்ல சுவிட்ச போட்டு காது குடுத்து கேளுங்க. சத்தமே இல்லன்னா கரண்ட் போகல. உர்ருனு உறுமிட்டு நிக்கிதுன்னா கரண்ட் போவுது, உள்ள எங்கயோ இறுகிக்கினு கெடக்கு, உடனே ஆஃப் பண்ணிடுங்க இல்லன்னா காயில் கருகிடும். மோட்டார் ஜோரா ஓடி கொக்கி மட்டும் அசையலன்னா பல்சக்கரம்.

சத்தமே இல்லாத கேஸு: 12 வோல்ட் டிசி மோட்டாரா இருந்தா 9 வோல்ட் பேட்டரிய நேரா மோட்டார் கால்ல (வயர் வந்து சேர்ற ரெண்டு தகடு) தொட்டு பாருங்க, ஓடிச்சுன்னா மோட்டார் மேல தப்பில்ல, வயர்தான். கேபின் ஒரே பக்கமா சுத்திக்கினே இருந்தா உள்ள போற வயர் முறுக்கி முறுக்கி அறுந்துடும், மேல தோல் நல்லாதான் இருக்கும், அதனால மல்டிமீட்டர பீப் சத்தத்துல வெச்சிட்டு கேபின கையால மெதுவா திருப்பணும், எங்க பீப் விட்டு விட்டு வருதோ அங்கதான் கோளாறு. புது வயர் போட்டா மெல்லிசா பல இழை வயரா பாத்து கொஞ்சம் தொளதொளன்னு விட்டு போடுங்க. பித்தள வளையத்துல உரசுற மாதிரி காண்டாக்ட் இருந்தா ஸ்பிரிட்ல தொடச்சா போதும், உப்புத்தாள் போட்டு தேச்சா அப்புறம் இன்னும் சீக்கிரமா அழுக்கு புடிக்கும்.

லயனல் மாதிரி பழைய அமெரிக்க செட்டுன்னா அதோட டிரான்ஸ்பார்மர் 110-120 வோல்ட்டுக்கு பண்ணது, நம்ம 230ல சொருகினா அவ்ளோதான். எங்க வீட்ல ஒண்ணு பொகஞ்ச வாசன ரெண்டு நாள் போகல.

உறுமுற கேஸுக்கு கிரீஸ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச இயர் பட்ஸால எடுங்க. பெட்ரோல், தின்னர் வேணாம், பிளாஸ்டிக் இளகிடும். அப்புறம் தையல் மிஷின் ஆயில் ஊசி முனைல ஒரே ஒரு சொட்டு, ஷாஃப்ட் ரெண்டு முனைக்கும். கம்யூட்டேட்டர்ல, அதாவது மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் உரசுற செம்பு உருளைல, எண்ணெய் படவே கூடாது, கார்பன் தூளோட சேந்து சேறாயிடும். அந்த செம்புத் துண்டுங்களுக்கு நடுவுல காடில இருக்கிற கருப்ப பல்குச்சியால சொரண்டி எடுத்துடுங்க.

டக் டக்னு சத்தம் வந்தா ஷாஃப்ட்ல இறுக்கி மாட்டுன பிளாஸ்டிக் சக்கரம் ரெண்டு பல்லுக்கு நடுவுல விரிசல் விட்டிருக்கும், லென்ஸ் வெச்சி பாத்தாதான் தெரியும். பசை போட்டு ஒட்டுனா நாலு நாள் தாங்கும். பல்ல எண்ணி, ஷாஃப்ட் தடிமன் அளந்து வேற வாங்கறதுதான் சரி.

இப்ப நூலு. ஏத்துற பக்கம் அமுக்குனா கொக்கி எறங்குது, எறக்குனா ஏறுதுன்னா வயர மாத்தி மாத்தி போட்டு மண்டைய ஒடச்சிக்காதீங்க, நூல் மொத்தமும் அவுந்து டிரம்ல எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு, அவ்ளோதான், முழுசா அவுத்து சரியா சுத்துங்க. நூல் அறுந்துச்சுன்னா காசிமேட்டுல கெடைக்கிற தூண்டி நரம்பு போடலாம்னு தோணும், எனக்கும் தோணிச்சு, ஆனா அது வெறப்பா சுருண்டுக்கும், இந்த கொக்கி கனத்துக்கு நேரா தொங்காது, டிரம்மவிட்டு குதிச்சி குதிச்சி வெளிய வரும். மாஞ்சா நூல தொடவே தொடாதீங்க, கண்ணாடித்தூள் சின்ன பிளாஸ்டிக் கப்பிய அறுத்துடும், கையையும் சேத்து. சாதா காட்டன் தையல் நூலுல மெழுகுவத்திய ரெண்டு இழுப்பு இழுத்துட்டு கட்டுங்க, பிசிறில்லாம ஓடும்.

கரண்ட் காந்தம் வெச்ச கிரேன் தூக்கலன்னா அடில துரு இருக்கான்னு பாருங்க, அப்பறம் நீங்க போட்ட ஸ்க்ரூவையும் பாருங்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நெறய ஒட்டாது. தூக்கிட்டு விடமாட்டேங்குதுன்னா காந்தத்தோட முகத்துல ஒரு துண்டு செல்லோ டேப்பு ஒட்டுங்க, சுவிட்ச ஆஃப் பண்ணதும் பொத்துனு கீழ உட்டுடும்.