ஏழாவது ஃப்ரெட்டில் ஒன்பதாவது ஃப்ரெட்டின் ஒலி: ராக் கிட்டாரில் பெண்ட் பழகுவது எப்படி?

ராக் பாட்டில் சோலோ (தனி வாசிப்பு) வரும் இடத்தில் கிட்டார் மனுஷக் குரல் மாதிரி ஏங்கும், கத்தும், சில நேரம் அழும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படி ஏறுவது போல ஏறாமல், வழுக்கிக்கொண்டே போய்ச் சேரும். நாலைந்து கார்டு பழகியவுடன் பலருக்கும் வருகிற கேள்வி, "அந்தச் சத்தம் எந்தப் பெடல்ல வருது?"

பெரும்பாலும் அது பெடலில், அதாவது காலால் மிதித்து ஒலியை மாற்றும் கருவியில், வருவதில்லை. இடது கை விரல் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அவ்வளவுதான். இதைத்தான் பெண்ட் என்கிறோம். எவ்வளவு தூரம் தள்ளுவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அதனால் இந்தப் பாடத்தில் விரலுக்கு முன்னால் காதுக்கு வேலை கொடுக்கப் போகிறேன்.

கம்பி எண்கள் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக மெல்லியது முதல் கம்பி, மிகத் தடித்தது ஆறாவது கம்பி. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்டுகள். வலது கையால் மீட்டுபவர்களுக்கு எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் கைகளை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: எந்தக் கம்பி, எந்தக் கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டாரில் பழகுங்கள். பெரும்பாலான அகூஸ்டிக் கம்பி செட்டுகளில் மூன்றாவது கம்பியின் மேல் இன்னொரு உலோகச் சுருள் சுற்றியிருக்கும். அதைத் தள்ளினால் விரல்தான் வலிக்கும், சுருதி அசையாது. கையில் அகூஸ்டிக் மட்டும் இருந்தால் இரண்டாவது கம்பியில் அரை டோன் (ஒரு ஃப்ரெட் அளவு) மட்டும் முயன்று பாருங்கள்.

எலெக்ட்ரிக்கில் நைன் செட் போடுங்கள், அதாவது முதல் கம்பி 0.009 அங்குலத் தடிமன் உள்ள செட். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். இரண்டு ஃப்ரெட் அளவுக்கு, அதாவது ஒரு முழு டோன், சுருதி ஏற வேண்டுமென்றால் அதிர்வெண் சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை சுமார் 26 சதவீதம் கூட வேண்டும். அந்த 26 சதவீதத்தையும் உங்கள் விரல்தான் கொடுக்கிறது. கம்பி எவ்வளவு தடித்ததோ அவ்வளவு பாரம்.

1950களில் கடையில் கிடைத்த செட்டுகள் தடித்தவை, மூன்றாவது கம்பியும் சுருள் கம்பி. கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் போன்றவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் கம்பி இருக்கும் இடத்தில் பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய கம்பியை மாட்டி, கிட்டார் செட்டின் முதல் கம்பியை இரண்டாவது இடத்துக்கும், இரண்டாவதை மூன்றாவது இடத்துக்கும் நகர்த்தினார்கள். மூன்றாவது கம்பி மெல்லியதாகி, சுருள் இல்லாததாகவும் ஆனது. 1962இல் எர்னி பால் 'ஸ்லிங்கி' என்று மெல்லிய செட்டையே விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாம் கேட்டு மயங்கும் பல சோலோக்களுக்குப் பின்னால் இந்தக் கம்பி மாற்றம் இருக்கிறது.

புதுக் கம்பி மாட்டினால் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல மேலே தூக்கி இழுத்துவிட்டு மறுபடி ட்யூன் செய்யுங்கள். இழுத்த பிறகும் சுருதி இறங்காமல் நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பத்து பெண்டுக்குள் கிட்டார் முழுக்கச் சுருதி கலைந்துவிடும்.

படி 1: போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கேளுங்கள்

மூன்றாவது கம்பி, ஏழாவது ஃப்ரெட். மீட்டுங்கள். இது டி என்ற சுரம், சுமார் 294 ஹெர்ட்ஸ். இப்போது அதே கம்பியில் ஒன்பதாவது ஃப்ரெட். இது ஈ, சுமார் 330 ஹெர்ட்ஸ். இந்த இரண்டையும் மாறி மாறி மீட்டி, வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை, முணுமுணுத்தால் போதும். ஏழாவது ஃப்ரெட்டை மட்டும் மீட்டிவிட்டு, ஒன்பதாவதன் ஒலியைக் கிட்டார் துணையில்லாமல் பாட வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எதுவும் அழுத்தாத முதல் கம்பியின் ஒலியும் இதே ஈ தான். சந்தேகம் வரும்போதெல்லாம் முதல் கம்பியைத் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

படி 2: கையை வைக்கும் விதம்

தொடக்கத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான். ஒரே விரலால் தள்ளப் பார்ப்போம், விரல் நுனி கன்றிப்போகும், சுருதி பாதி வழியில் நின்றுவிடும்.

மோதிர விரலை ஏழாவது ஃப்ரெட்டில் வையுங்கள். நடுவிரல் அதே கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டில், ஆள்காட்டி விரல் ஐந்தாவதில். மூன்று விரலும் சேர்ந்து தள்ளும். கார்டு பிடிக்கும்போது கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் வைக்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே அது வேண்டாம். கட்டைவிரல் கழுத்தின் மேல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கட்டும். ஆள்காட்டி விரலின் அடிமூட்டு கழுத்தின் கீழ் விளிம்பில் அழுந்தி நிற்கட்டும்.

அந்த அடிமூட்டுதான் அச்சு. விரல்களை மடக்கித் தள்ளாமல், பூட்டில் சாவியைத் திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்புங்கள். விரல்கள் வளைந்த நிலையில் அப்படியே இருக்கும், கை மொத்தமாகச் சுழலும். வலு முன்கையிலிருந்து வரும். ஒருமுறை இது பிடிபட்டால் 26 சதவீதம் ஒரு பொருட்டே இல்லை.

முதல் மூன்று கம்பிகளை முகத்தை நோக்கி மேலே தள்ளுங்கள். நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றைத் தரையை நோக்கிக் கீழே இழுங்கள். மாற்றிச் செய்தால் ஓரத்துக் கம்பிகள் கழுத்தைவிட்டு நழுவிவிடும்.

படி 3: தள்ளுங்கள், நில்லுங்கள், சரிபாருங்கள்

ஏழாவது ஃப்ரெட்டை மீட்டி மெதுவாகத் தள்ளுங்கள். நீங்கள் பாடிய அந்த ஈ வந்ததும் நில்லுங்கள். ட்யூனரில் (சுருதி காட்டும் கருவியில்) பாருங்கள். பிறகு ட்யூனரைப் பார்க்காமல் பத்து தடவை, மறுபடி பார்த்து ஒரு தடவை. ட்யூனர் தேர்வு வைக்க மட்டும் இருக்கட்டும், பாடம் நடத்துவது காதின் வேலை.

நான் முதன்முதலில் என் சோலோவை போனில் பதிவு செய்து கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. வாசிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேட்டால், ஒவ்வொரு பெண்டும் கொஞ்சம் குறைவாக நின்றிருந்தது. விரலில் இருந்த பாரத்தை வைத்து "வந்துவிட்டது" என்று முடிவு செய்திருக்கிறேன், ஒலியை வைத்து இல்லை. அன்றிலிருந்துதான் பாடிவிட்டுப் பெண்ட் செய்யும் பழக்கம்.

டேபில், அதாவது ஃப்ரெட் எண்களால் எழுதும் கிட்டார் குறிப்பில், இதை மேல்நோக்கி வளையும் அம்புக்குறியாகப் போட்டு, மேலே 'ஃபுல்' என்று எழுதியிருப்பார்கள். ½ என்றால் ஒரு ஃப்ரெட் அளவு. ¼ என்றும் வரும். ப்ளூஸிலிருந்து ராக்குக்கு வந்த சொத்து அது. ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசையில் மூன்றாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை, அதாவது சி-யை, மிக லேசாக நெருடிப் பாருங்கள். சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை. எந்த ஃப்ரெட்டிலும் கிடைக்காத சுரம் அது.

படி 4: இறக்கமும் ஒரு சுரம்தான்

ஏறிய கம்பியை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஏறிய அதே நிதானத்தில் டி-க்கு இறக்குங்கள். இறங்கும்போது மேலே இருக்கும் நான்காவது கம்பி விரலில் மாட்டி 'டங்' என்று அடிக்கும். இதைத் தடுக்க வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தடித்த கம்பிகள் மேல் சாய்த்து வையுங்கள், இடது ஆள்காட்டி விரலின் நுனி நான்காவது கம்பியை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியின் கரகரப்பை, கூட்டினால் இந்த 'டங்' பூதாகாரமாகக் கேட்கும்.

அடுத்தது ப்ரீபெண்ட். மீட்டாமலே கம்பியை ஈ வரை தள்ளி வைத்துக்கொண்டு, பிறகு மீட்டி இறக்குங்கள். கேட்பவருக்கு ஏற்றம் தெரியாது, இறக்கம் மட்டும் கேட்கும், ஒரு பெருமூச்சு போல. இங்கே சரிபார்க்கக் காதுக்கு வாய்ப்பே இல்லை, கை நினைவு மட்டுமே துணை. படி 3ஐ நூறு முறை செய்திருந்தால் இது வரும்.

படி 5: யூனிசன் பெண்ட்

இரண்டு கம்பிகளை ஒரே சுரத்தில் சேர்ப்பதுதான் யூனிசன் பெண்ட். ஆள்காட்டி விரலை இரண்டாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் வையுங்கள். அதுவும் ஈ. மோதிர விரலும் நடுவிரலும் மூன்றாவது கம்பியில், ஏழிலும் ஆறிலும். இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டி, மூன்றாவதை மட்டும் தள்ளுங்கள். சுருதிகள் நெருங்க நெருங்க 'வவ்-வவ்-வவ்' என்று ஓர் அலை கேட்கும். நெருங்கும்போது அலை மெதுவாகும், சேர்ந்த கணத்தில் நின்றுவிடும். இதைவிடத் துல்லியமான ட்யூனர் கிடையாது. அந்த அலை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது வரும் உறுமலுக்காகவே பலர் இதை வாசிக்கிறார்கள்.

படி 6: வைப்ரேட்டோ

ஈ-யில் போய் நின்றாகிவிட்டது. அந்த நிற்றலுக்கு உயிர் கொடுப்பது வைப்ரேட்டோ. கம்பியைத் துளி தளர்த்தி மறுபடி ஈ-க்குக் கொண்டு வாருங்கள். ஒரே அளவில், ஒரே வேகத்தில், பாட்டின் தாளத்தோடு. பெண்ட் செய்யாத சுரத்தில் வைப்ரேட்டோ மேலே போய்த் திரும்பும். பெண்ட் செய்த சுரத்தில் கீழே போய்த் திரும்பும். இரண்டிலும் திரும்பி வரும் இடம் துல்லியமாக இருக்க வேண்டும்.

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங்கின் உறவினர் புக்கா ஒயிட் ஸ்லைடு (விரலில் மாட்டும் குழல்) வாசித்தவர். அந்த ஒலி பி. பி. கிங்குக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஸ்லைடு அவர் கைக்கு வசப்படவில்லை. வெறும் விரலை நடுங்க வைத்து அந்த ஒலியைத் தேடினார். அந்தத் தேடலில் பிறந்த வைப்ரேட்டோவை ராக் கிட்டார் முழுக்கச் சுவீகரித்துக்கொண்டது.

வீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே காதில் இருக்கிறது. வீணையிலும் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிறக்கிறது. 1970களில் இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த அகூஸ்டிக் கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையிலிருக்கும் மரத்தைக் குடைந்திருந்தார்கள். அவர் வீணை கற்றவர். மரத்தில் விரல் உராயாவிட்டால் கம்பியை எவ்வளவு தாராளமாக இழுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

விரலுக்கு அப்பால்: வாமி பார், ஸ்லைடு, பெடல்

பதிவுகளில் கேட்கும் சில வளைவுகள் விரலால் வராதவை. சுரம் பாதாளத்துக்குச் சரிந்தால் அது வாமி பார், அதாவது பிரிட்ஜை அசைக்கும் கைப்பிடி. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜே அசையும். கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, கிட்டாரின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கின்றன. பாரை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். 1969 ஆகஸ்ட் 18 அன்று வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்துக்கு நடுவே குண்டு விழும் ஓசைகளை இதை வைத்துத்தான் எழுப்பினார்.

இதில் வரும் தொல்லை சுருதி திரும்பாமல் போவது. நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் துண்டு) பள்ளத்தில் கம்பி சிக்குவதுதான் பெரும்பாலும் காரணம். பென்சில் முனையின் கரியை அந்தப் பள்ளங்களில் தேயுங்கள், நிறைய குறையும். ஃப்ளாயிட் ரோஸ் அமைப்பில் நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியை இறுக்கிப் பூட்டிவிடுவதால் இந்தச் சிக்கலே எழாது. ஆனால் இரண்டு பக்கமும் அசையும்படி மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியைப் பெண்ட் செய்தால் பிரிட்ஜ் சாய்ந்து மற்ற கம்பிகள் சுருதி இறங்கும். முதல் கிட்டார் வாங்குபவர் பிரிட்ஜ் அசையாத கிட்டாரையே வாங்கலாம் என்பது என் கருத்து.

ஸ்லைடு என்பது விரலில் மாட்டும் கண்ணாடி அல்லது உலோகக் குழல். ராக் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் காலி மருந்துப் புட்டியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஃப்ரெட்டுக்குப் பின்னால் வைக்காமல், ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே வையுங்கள், அழுத்த வேண்டாம்.

வாமி பெடல் காலால் மிதித்துச் சுருதியை மின்னணு முறையில் நகர்த்துவது. 1994இல் வந்த, பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்தில் 'மரூன்ட்' என்ற வாத்திய இசையைக் கேளுங்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் அதில் சுரத்தை ஒரு முழு ஸ்தாயி தூக்குகிறார். விரல் பெண்டில் ஒரு ஸ்தாயி ஏற்ற இழுவிசை நான்கு மடங்காக வேண்டும், கம்பி அறுந்துவிடும்.

படி 7: பதிவு செய்யுங்கள்

பிடித்த சோலோவில் ஒரே ஒரு பெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் வேகத்தை 0.5 ஆக்கினால் சுருதி மாறாமல் மெதுவாகக் கேட்கும். அந்தக் காலத்தில் 33⅓ சுழற்சி எல்.பி.யை 16⅔இல் ஓடவிட்டுப் படித்தார்கள், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கித்தான் கேட்கும். எந்தச் சுரத்தில் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது, வைப்ரேட்டோ உடனே வருகிறதா, கொஞ்சம் காத்திருந்து வருகிறதா என்று கவனியுங்கள். அந்தக் காத்திருப்பில்தான் ஒவ்வொரு கலைஞரின் கையெழுத்தும் இருக்கிறது.

பிறகு உங்கள் முறை. டிஸ்டார்ஷன் இல்லாத ஒலியில், பின்னணியில் ஏ சுருதி ஒன்றை ஓடவிட்டு, டி-யிலிருந்து ஈ-க்கு நாலு வேகத்தில் பெண்ட் செய்து போனிலேயே பதியுங்கள். ஒன்று சட்டென்று, ஒன்று ஒரு தாள எண்ணிக்கையில், ஒன்று இரண்டில், ஒன்று நாலில். விரல் நுனி எரியத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பதிந்ததை உடனே கேட்காதீர்கள். மறுநாள் காலையில், கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் கேளுங்கள். சுருதி குறைந்த பெண்ட் எந்த நொடியில் வருகிறதென்று ஒரு தாளில் குறித்து, அன்றைய பதினைந்து நிமிடத்தை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.