காணாமல்போன தங்கச் சுரங்கத்தைத் தேடக் கிளம்புவது எப்படி? சிங்கப்பூரில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூரில் தங்கச் சுரங்கம் கிடையாது. தீவின் நடுவே புக்கிட் தீமா கருங்கல், மேற்கே ஜூரோங் பக்கத்துப் படிவப் பாறை, கிழக்கே பழைய ஆற்று மணல், ஓரமெல்லாம் கடலைத் தூர்த்துப் போட்ட மண். எங்கே தோண்டினாலும் எம்ஆர்டி பாதைதான் வரும். ஆனாலும் இந்தப் பொழுதுபோக்கைப் பழகுவதற்கு இது மோசமான ஊர் இல்லை, ஏனென்றால் வேலையில் முக்கால் பங்கு காகிதமும் கணினியும் ஒரு பிளாஸ்டிக் தட்டும்தான், விமான டிக்கெட் கடைசியில்தான் வரும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து மெட்டல் டிடெக்டர், அடுத்து டிக்கெட், மூன்றாவதாகத்தான் எந்தச் சுரங்கம் என்ற யோசனை. மண்ணை அரிப்பதற்கு முன்னால் கதையை அரிக்க வேண்டும். அதிலேயே பாதி ஆசை கரைந்துவிடும், மிஞ்சுவதை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

முதல் படி: ஒரு கதையைப் பிடியுங்கள், ஒன்றே ஒன்றை

நம்மவர்கள் முதலில் போய் நிற்பது குனோங் லேடாங்கில். ஜொகூரில், தங்காக் பக்கம், 1,276 மீட்டர், வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினால் ஞாயிறு மாலை வீட்டில் இருக்கலாம். இளவரசி கதை இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் அதை மவுண்ட் ஓஃபிர் என்று அழைத்ததும் இருக்கிறது. சாலமோன் ராஜாவுக்குத் தங்கம் வந்ததாக பைபிள் சொல்லும் ஊரின் பெயர் ஓஃபிர், ஆகவே மலை முழுக்கத் தங்கம் என்று ஒருவர் கிளப்பிவிட்டால் போதும், பத்துப் பேர் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். பெயரை வைத்துச் சுரங்கம் தேடுவது ஜாதகத்தை வைத்துச் சாலையைக் கடக்கிற வேலை, அதை விடுங்கள்.

பழகுவதற்கு எழுத்துச் சான்று நிறைய உள்ள கதைதான் வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து சூப்பர்ஸ்டிஷன் மலையில் ஜேக்கப் வால்ட்ஸ் விட்டுப்போனதாகச் சொல்லும் சுரங்கம் உலகப் புகழ் பெற்றது. அவர் 1891ல் இறந்தார், ஆட்கள் இன்றும் தேடுகிறார்கள். ஆனால் நமக்குப் பக்கத்தில், ஆஸ்திரேலியாவிலேயே, இன்னும் நல்ல கதை இருக்கிறது: லாசிட்டரின் தங்கப் பாறை.

ஹெரால்ட் லாசிட்டர் என்பவர் 1929ல் ஆஸ்திரேலிய அரசியல்வாதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நாட்டின் நட்டநடுப் பாலைவனத்தில் மைல் கணக்கில் நீளும் தங்கப் பாறை ஒன்று தனக்குத் தெரியும் என்றார். உலகமே பொருளாதார மந்தத்தில் மாட்டிக்கொண்ட நேரம், பணம் போட ஆள் கிடைத்தது. 1930 ஜூலையில் லாரி, விமானம் சகிதம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்து ஒரு கூட்டம் கிளம்பியது. பாறை அகப்படவில்லை, கூட்டம் கலைந்தது, கடைசியில் ஒட்டகம் வைத்திருந்த ஒரு வேட்டைக்காரரோடு லாசிட்டர் மட்டும் மேலே போனார். சில நாள் தனியாகச் சுற்றிவிட்டு வந்து “கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் இடத்தைச் சொல்ல மாட்டேன்” என்றார். சண்டை, பிரிவு, அப்புறம் ஒட்டகங்களும் ஓடிப்போயின. 1931 தொடக்கத்தில் அந்தப் பாலைவனத்திலேயே இறந்தார். பாறையை இன்றுவரை யாரும் காட்டவில்லை.

இரண்டாம் படி: கதையை அரியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு காகிதத்தை மூன்றாக மடியுங்கள். முதல் பகுதியில் தேடியவரே எழுதியது அல்லது சொன்னது, இரண்டாவதில் அந்தக் காலத்தில் மற்றவர்கள் எழுதியது, மூன்றாவதில் பிற்காலத்தில் சேர்ந்தது. வரைபடம், ரகசியக் குறி, சாபம், பேய் எல்லாம் பெரும்பாலும் மூன்றாவது பகுதியில்தான் போய் விழும்.

பழைய பத்திரிகைகளைப் படிக்கக் காசு வேண்டாம். ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் கொட்டிக் கிடக்கின்றன. மலாயா பக்கத்துக் கதை என்றால் நம் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம், அதில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845ல் இருந்தே இருக்கிறது. தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள், லேடாங் என்று போட்டால் வராதது ஓஃபிர் என்று போட்டால் வரும்.

இப்போது லாசிட்டர் கதையை இப்படி அரித்துப் பார்ப்போம். 1929 கடிதத்தில் பாறை தனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும் என்கிறார், அப்படியானால் 1911. அடுத்த வருஷம் அதே கதை 1897க்குப் போய்விடுகிறது, அவருக்குப் பதினேழு வயது. ஒரே ஆள், ஒரே பாறை, பதினான்கு வருஷ வித்தியாசம். இதை எழுதிவைத்து, பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த இடம். ஹார்டிங் என்ற நில அளவையாளரோடு இரண்டாம் முறை போய் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்ததாகவும், ஆனால் கைவசம் இருந்த கடிகாரங்கள் தவறாக ஓடியதால் கணக்கு பிசகிவிட்டதாகவும் கதை. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதை அன்று கடிகார நேரத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம் ஆகும், அந்தப் பக்கத்தில் ஒரு பாகை தீர்க்கரேகை என்பது தரையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கடிகாரம் வெறும் 4 நிமிடம் தவறினாலே சிங்கப்பூரின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு இடம் தள்ளிப்போகும். கதையில் பிசகு ஒரு மணி நேரத்துக்கும் மேல். அதாவது 1,500 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையில் எங்கே வேண்டுமானாலும் தேடிக்கொள் என்கிறார். ஒவ்வொரு புதையல் கதையிலும் இப்படி ஓர் ஓட்டை இருக்கும். யாரும் வந்து சரிபார்க்க முடியாதபடி கதையே அதை வைத்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படி.

மூன்றாம் படி: பாறையைக் கேளுங்கள்

கதை எங்கே சொல்கிறதோ அங்கே தங்கம் இருக்க வழியுண்டா? பள்ளிக்கூட அளவு நிலவியல் போதும். பூமிக்கடியில் இருந்து சூடான நீர் வெடிப்புகளில் ஏறி ஆறும்போது வெங்கச்சாங்கல்லோடு (குவார்ட்ஸ்) தங்கமும் படியும். அப்புறம் மழை அதை அரித்து ஆற்றுக்குக் கொண்டுவரும். ஆகவே நில வரைபடத்தில் பார்க்க வேண்டியது இரண்டு: வெங்கச்சாங்கல் நரம்புகள் ஓடும் பழைய பாறையா, பக்கத்தில் யாராவது உண்மையாகவே தங்கம் எடுத்திருக்கிறார்களா. வால்ட்ஸின் மலை பெரும்பாலும் எரிமலைப் பாறை, அதனால் நிலவியல்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆனால் அதன் அடிவாரத்தில் கோல்ட்ஃபீல்டு என்ற இடத்தில் 1890களில் நிஜமாகவே தங்கம் வந்தது. லேடாங் மலை கருங்கல். மலேசியத் தங்கம் வருவது தீபகற்பத்தின் நடுப்பட்டையில், பகாங்கில் ரவுப், குவாலா லிப்பிஸ் அருகே பென்ஜோம் மாதிரி இடங்களில். ரவுப் சுரங்கம் 1889ல் தொடங்கி 1961 வரை ஓடியது.

கதை நிஜமானதும் உண்டு, அது நம் ஆட்கள் வியர்வை சிந்திய இடம். கோலார் பக்கத்து ஜனங்கள் மண்ணில் பொன் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட ஜான் வாரன் என்ற படை அதிகாரி 1802ல், காட்டுகிறவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். கிராமத்தார் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிக் காட்டினார்கள். அவர் எழுதிய அறிக்கை தூங்கிக் கிடந்தது. பல பத்தாண்டுகள் கழித்து மைக்கேல் லவேல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் பெங்களூரில் அதைப் படித்துவிட்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனார், 1873ல் உரிமம் வாங்கினார். பின்னால் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிய கோலார் தங்கவயல் அதுதான், 2001 வரை ஓடியது. லாசிட்டரை இதோடு ஒப்பிடுங்கள்: வாரன் முன்னால் மண்ணைக் கழுவிக் காட்டினார்கள், லாசிட்டர் யாருக்கும் இடத்தைக் காட்டவில்லை.

நான்காம் படி: வீட்டிலேயே அரித்துப் பழகுங்கள்

தேவையானவை: 35 சென்டிமீட்டர் அகலப் பிளாஸ்டிக் அரிப்புத் தட்டு (ஒரு பக்கம் படிப்படியாகக் கோடு இருக்கும்), துணி துவைக்கிற பெரிய தொட்டி, மீன் தொட்டிக் கடையில் விற்கும் மணல், தூண்டில் கடையில் கிடைக்கும் மிகச் சின்ன ஈயக்குண்டுகள், ஒரு காந்தம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் தங்கம் 19.3, ஈயம் 11.3, வெங்கச்சாங்கல் 2.65. ஈயத்தை நழுவவிடாமல் அரிக்கத் தெரிந்தால் தங்கம் அதைவிடச் சுலபம்.

குண்டுகளைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்குங்கள், ஏனென்றால் ஆற்றுத் தங்கம் உருண்டையாக வராது, செதிலாக வரும். பத்துச் செதில் எண்ணி மணலில் கலந்து, தட்டில் முக்கால் அளவு போட்டு, தொட்டித் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்துங்கள். கையால் கட்டிகளை உடைத்து, பெரிய கல்லைக் கழுவி வெளியே போடுங்கள். அப்புறம் தட்டைத் தண்ணீருக்குள் மட்டமாகப் பிடித்து இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள், கனமானது அடிக்குப் போகும். இந்த ஆட்டல் போதாமல்தான் புதியவர்கள் தங்கத்தை இழக்கிறார்கள், சரிக்க அவசரப்படுகிறார்கள். ஆட்டி முடித்து, கோடு இருக்கும் பக்கத்தைக் கீழே சாய்த்து, தண்ணீரை மெல்ல உள்ளே வாங்கி வெளியே விட்டு மேல் மணலை மட்டும் போகவிடுங்கள். மறுபடி மட்டம், மறுபடி ஆட்டல். பாட்டி வீட்டில் அரிக்கஞ்சட்டியில் அரிசி அரித்துக் கல்லைத் தங்கவைத்தவர்களைப் பார்த்திருந்தால் மணிக்கட்டு அசைவு உடனே புரியும், அங்கே கல்லை எறிவோம், இங்கே கல் மாதிரித் தங்குவதை வைத்துக்கொள்வோம்.

கடைசியில் இரண்டு ஸ்பூன் அளவு மிஞ்சும். நிஜ ஆற்றில் அது கருமணலாக இருக்கும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலாகக் கொண்டுபோனால் காந்தம் பிடிக்கிற மணல் பையில் ஒட்டிக்கொண்டு வரும், பையைத் திருப்பினால் விழுந்துவிடும். அப்புறம் ஒரு வாய் தண்ணீர் மட்டும் விட்டு, தட்டைச் சுற்றி மெல்ல ஓடவிட்டால் மணல் விசிறியாக விரிந்து, வாலில் செதில்கள் பளிச்சென்று நிற்கும். பத்தும் வந்ததா என்று எண்ணுங்கள். தொடர்ந்து பத்தும் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்கிறவர்களுக்கு: மணல் தண்ணீரைக் கழிவறைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளைத் தள்ளிவையுங்கள்.

மின்னுகிற எதைப் பார்த்தாலும் துள்ளாமல் இருக்க ஒரு சோதனை. தட்டை உங்கள் நிழலுக்குள் கொண்டுவாருங்கள். காக்காப்பொன் வெயிலில் ஜொலிக்கும், நிழலில் செத்துப்போகும், தங்கம் நிழலிலும் அதே மஞ்சள். இன்னும் சந்தேகமா, ஊசியால் குத்துங்கள். தங்கம்போல் ஏமாற்றும் பைரைட் என்ற கனிமம் நொறுங்கும், தங்கம் அமுங்கும்.

ஐந்தாம் படி: மெட்டல் டிடெக்டர், அவசரமில்லை

இதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. உப்பு மணலும் நம் பக்கத்துச் செம்மண்ணும் சாதாரணக் கருவிகளை ஓயாமல் கத்தவைக்கும். குளிர்பானக் கேனின் வளையமும் தங்க மோதிரமும் கிட்டத்தட்ட ஒரே ஒலியைத் தரும், ஒன்றைத் தவிர்த்தால் மற்றதும் போய்விடும். ஆகவே கடற்கரையில் பழகுகிறவர் குப்பை பொறுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் கரை முழுக்கத் தூர்த்த நிலம், பழைய நாணயம் தேடி அங்கே போகாதீர்கள். பெரிய இரும்பு உருண்டை எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகி 999க்குக் கூப்பிடுங்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் ஒரு கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ போர்க்காலக் குண்டை அங்கேயே வெடிக்கச் செய்ய வேண்டியிருந்தது.

ஆறாம் படி: யார் நிலம்?

சிங்கப்பூரில் பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ அனுமதியில்லாமல் மண்ணைக் கிளறக் கூடாது. அடுத்தவர் தொலைத்த நகை கையில் கிடைத்து, பேசாமல் வைத்துக்கொண்டால் அது குற்றம், போலீசில் ஒப்படையுங்கள். இந்த ஊரில் கிடைத்த புகழ்பெற்ற பொற்புதையல் எது தெரியுமா? 1928ல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்குக் குழி தோண்டிய தொழிலாளர்கள் கண்ட 14ஆம் நூற்றாண்டு நகைகள். தேடிப் போனவர் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த நகைகள் இப்போது தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில்.

மலேசியாவில் கனிமம் மாநில அரசுக்குச் சொந்தம், உரிமம் இல்லாமல் ஆற்றில் தட்டை இறக்கக் கூடாது. லேடாங்கில் ஏறவே பூங்கா அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். லாசிட்டர் இறந்த பக்கம் பூர்வகுடிகளின் நிலம், சாலையில் கடந்துபோகவே முன் அனுமதி வாங்க வேண்டும், சுத்தியல் எடுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் தங்கியிருந்த குகையை டாக்கர் ரிவர் போகும் சாலையோரத்தில் பார்க்கலாம், அதோடு சரி.

நிஜமாகத் தட்டை நனைக்க வேண்டுமா, விக்டோரியா மாநிலத்துக்குப் போங்கள். ‘மைனர்ஸ் ரைட்’ என்ற உரிமத்தை இணையத்தில் வாங்கலாம், 10 ஆண்டு செல்லும், கைக்கருவி மட்டும், தோண்டிய குழியை மூட வேண்டும். எங்கெல்லாம் செல்லாது என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். மெல்பனில் இருந்து பாலராட் ஒன்றரை மணி நேரம். அதற்கும் வடக்கே மொலியாகுலில் 1869ல் ஒரு மர வேரடியில், தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே, சுமார் 70 கிலோ தங்கம் ஒரே கட்டியாகக் கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்கப்போவது குன்றிமணியில் கால்வாசி, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

ஏழாம் படி: கிளம்பலாம்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகாதீர்கள், அங்கே அப்போது கோடை. லாசிட்டர் சிக்கிக்கொண்டதும் அந்தப் பருவத்தில்தான். ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் பாருங்கள். கைபேசி அலை இல்லாத இடத்துக்கு அவசர அழைப்புக் கருவி எடுத்துக்கொள்ளுங்கள், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மண் ஒட்டிய தட்டையும் காலணியையும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள், ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் மண் விஷயத்தில் தயவே காட்டமாட்டார்கள்.

திரும்பி வரும்போது 48 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்திருந்தால் 500 வெள்ளி வரைக்கும் பொருள்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதற்கு மேல் மதிப்புள்ள கட்டி கிடைத்திருந்தால் சாங்கியில் சிவப்புப் பாதையில் போய் அறிவியுங்கள். முதலீட்டுத் தங்கத்துக்கு விலக்கு இருக்கிறதே என்று அங்கே வாதாடாதீர்கள், அதற்குத் தங்கம் 99.5 சதவீதம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆற்றில் இருந்து வந்தது அப்படி இருக்காது.