ஒரே இன்டக்டர், மூன்று வோல்டேஜ்: சிமோ வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயர்பட், ஸ்மார்ட் வாட்ச் போர்டுகளில் இடத்தை அடைக்கும் பாகங்களில் இன்டக்டர் (ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேமிக்கும் கம்பிச்சுருள்) முக்கியமானது. அதனால்தான் 1.2, 1.8, 3.3 வோல்ட் மூன்றையும் ஒரே இன்டக்டரிலிருந்து எடுக்கும் சிமோ (SIMO, ஒரு இன்டக்டர், பல அவுட்புட்) கன்வர்ட்டரைத் தேடிப் போகிறோம். நல்ல முடிவுதான். ஆனால் பலர் மூன்று அவுட்புட்டையும் மூன்று தனி சப்ளையாக நினைத்தே கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த ஒரு பக்-பூஸ்ட் சிமோவை எடுத்துக்கொள்வோம். இன்டக்டர் 2.2 மைக்ரோஹென்ரி, உச்சக் கரன்ட் 0.5 ஆம்பியர், பேட்டரி 3.7 வோல்ட். இழப்புகளை விட்டுவிடுவோம். இன்டக்டர் முழு நேரமும் ஒரே அவுட்புட்டுக்கு உழைத்தால் 1.2 வோல்ட்டில் சுமார் 190 மில்லிஆம்பியர் கிடைக்கும், 1.8-இல் 168, 3.3-இல் 132. நமக்குத் தேவை 60, 80, 50. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் இன்டக்டரின் நேரத்தில் அவை கேட்கும் பங்கு 0.32, 0.48, 0.38, கூட்டினால் 1.18. ஒன்றைத் தாண்டிவிட்டதால் ஏதாவது ஒரு அவுட்புட் சரியத்தான் செய்யும். பேட்டரி 3 வோல்ட்டுக்கு இறங்கினால் இன்டக்டர் சார்ஜ் ஆக இன்னும் நேரமாகும், பற்றாக்குறையும் கூடும்.

சரி, உச்சக் கரன்ட்டை 1 ஆம்பியராக்கலாமே? திறன் இரட்டிப்பாகும், ரிப்பிள் (அவுட்புட் வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) நான்கு மடங்காகும். 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்ட 1.8 வோல்ட்டில் 15 மில்லிவோல்ட்டாக இருந்தது 60-ஐத் தொடும். அந்தப் பத்தும் முழுதாகக் கிடைக்காது. சின்ன செராமிக் கெபாசிட்டர்கள் டிசி வோல்டேஜ் ஏறியதும் மதிப்பில் பெரும்பகுதியை இழக்கக்கூடும். லேபிளை நம்பாமல், வோல்டேஜுக்கேற்ப மதிப்பு குறைவதைக் காட்டும் டிசி பயாஸ் வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

லோடு குறைந்தால் வேறொரு தொல்லை. இன்டக்டர் ஒவ்வொரு முறையும் அவுட்புட்டுக்குத் தள்ளும் சார்ஜ் பொட்டலங்கள் அரிதாகி, அலைவெண் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடும். மைக், ஆடியோ பகுதிகளுக்குப் போகும் சப்ளையின் வழியில் ஒரு எல்டிஓ (ரிப்பிளை வடிகட்டும் லீனியர் ரெகுலேட்டர்) வைப்பது வீண் செலவல்ல.

சிப்பையே வடிவமைப்பவர்கள் அவுட்புட் சுவிட்சுகளின் டெட் டைமில் (ஒன்று அணைந்து மற்றது ஆனாகும் வரையான இடைவெளியில்) கவனமாக இருக்க வேண்டும். இரண்டு சுவிட்ச் ஒரு கணம் சேர்ந்து ஆனில் இருந்தாலும் 3.3-இன் சார்ஜ் 1.8-க்குள் பாயும். இடைவெளி நீண்டால் இன்டக்டர் கரன்ட் போக வழியின்றி வோல்டேஜ் எகிறும்.

அப்புறம், சோதனை. இன்டக்டர் பொதுவானதால் ஒன்றின் லோடு மற்றதையும் அசைக்கும்; லோடை மாற்றிய அவுட்புட்டை மட்டும் ஸ்கோப்பில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பேட்டரியைக் கடைசி அளவுக்கு இறக்கி, 3.3-இல் லோடைச் சட்டென ஏற்றி, 1.2 வோல்ட்டில் புரோபை வையுங்கள்.