பனியாற்று ஓடையைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்

அமெரிக்காவின் மவுண்ட் ரெய்னியர் மாதிரி பனியாறுகள் மூடிய எரிமலையில் நடைபயணம் போகிறீர்களா? ஓடையைக் கடக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இரவுக் குளிரில் பனி உருகுவது குறைவதால், விடியற்காலையில் தண்ணீர் வடிந்திருக்கும். வெயில் ஏற ஏற நீர்மட்டமும் ஏறும். கோடையில் பனியாற்றுக்குள் தேங்கிய நீர் சட்டென்று உடைத்துக்கொண்டு, தளர்ந்த மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு கீழே இறங்குவதும் பெரும்பாலும் சூடான பிற்பகலிலோ மாலையிலோதான். அங்குள்ள தஹோமா ஓடையில் இது பல தடவை நடந்திருக்கிறது. மரக்கட்டைப் பாலம் இருக்கிறதே என்று மெத்தனம் வேண்டாம், முதலில் அடித்துக்கொண்டு போவது அதுதான்.

எப்போது உதவாது? மழைக்காலத்தில். 2006 நவம்பரில் ரெய்னியரில் 36 மணி நேரத்தில் சுமார் 45 செ.மீ. மழை கொட்டியது, சாலைகளும் பாலங்களும் சிதைந்து, அந்த மலை இருக்கும் தேசியப் பூங்காவையே ஆறு மாதம் மூடினார்கள். அப்படிக் கொட்டும்போது காலை என்ன, மாலை என்ன! ஓடைப் பக்கமே போகாதீர்கள்.

எந்த நேரமானாலும் சரி, மேலிருந்து ரயில் வருவது போல் இரைச்சல் கேட்டாலோ, தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, பள்ளத்தாக்கு வழியே கீழே ஓடாதீர்கள், வரும் வெள்ளத்தை முந்த முடியாது. பக்கவாட்டுச் சரிவில் ஏறுங்கள். ஆற்றுமட்டத்துக்கு மேல் குறைந்தது 60 மீட்டர் என்பது பூங்கா நிர்வாகம் சொல்லும் கணக்கு. எரிமலைச் சரிவே பெயர்ந்து வரும் பெரிய லஹாருக்கு (எரிமலைச் சேற்று வெள்ளத்துக்கு) இந்த உயரம் போதாது. 5,600 ஆண்டுகளுக்கு முந்தைய ஆசியோலா சேற்று வெள்ளம் சில பள்ளத்தாக்குகளை 100 மீட்டருக்கும் மேல் நிரப்பியது.