பூல் மேசையில் பாக்லைன் ஆடிப் பார்க்க

பாக்லைன் என்பது மேசையில் கோடு கீறி மூன்று பந்தால் ஆடும் ஒரு வகை பில்லியட்ஸ். கல்முனைப் பக்கம் பூல் மேசை போட்டிருக்கும் நானாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள், அவருடைய பச்சைத் துணியில் கோடு போடப் போகிறோம். தையல் சோக் போதும், மெல்லிசாகக் கீறினால் ஆடி முடிந்ததும் தூரிகையால் தட்டிவிடலாம். கியூ நுனிக்குப் பூசும் நீலச் சோக்கை மட்டும் தொட வேண்டாம், அப்புறம் நானா உள்ளே விடமாட்டார்.

1900களின் தொடக்கத்தில் அமெரிக்க அமெச்சூர்கள் பட்டத்துக்கு மோதிய ஆட்டம் இது. சிகாகோவின் கால்வின் டெமரெஸ்ட் அப்படிப் பட்டம் வென்றுவிட்டுத்தான் தொழில்முறைக்குப் போனார். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பட்டம் எடுத்த நம் இலங்கை லாபீர் ஆடியது குழியுள்ள ஆங்கில பில்லியட்ஸ். இதில் குழி கிடையாது, ஆகவே ஆறு குழியையும் பழைய சாரத் துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள்.

பந்து மூன்றுதான். வெள்ளை உங்களுக்கு, மஞ்சள் பட்டை போட்ட 9 எதிராளிக்கு, சிவப்பு 3 பொது. உங்கள் பந்து மற்ற இரண்டிலும் பட்டால் ஒரு புள்ளி, விடாமல் தொடரலாம்.

சரி, கோடு எதற்கு? கோடில்லாத காலத்தில் விண்ணர்கள் இரண்டு பந்தையும் கரையோரம் ஒட்டவைத்துத் தட்டிக்கொண்டே போவார்கள். 1879இல் அமெரிக்க ஆட்டக்காரர் ஜேக்கப் ஷேஃபர் ஒரே முறையில் 690 புள்ளி எடுத்தார், பார்க்க வந்த சனம் கொட்டாவி விட்டிருக்கும். அதற்கு மருந்துதான் கோடு.

நாலு கரையிலிருந்தும் 18 அங்குலம் தள்ளிக் கீறினால் கிளித்தட்டு மாதிரி ஒன்பது கட்டம் வரும். ஆனால் அது 10 அடி மேசைக் கணக்கு. 8 அடி மேசையில் ஆடும் இடத்தின் அகலமே 44 அங்குலம்தான், ஆகவே 14 போடுங்கள் (14 அங்குல ஆட்டமும் அப்போது இருந்தது). 7 அடி மேசை என்றால் 12.

இந்த ஆட்டத்தை 18.2 என்பார்கள். 18 அந்த அங்குலம், 2 ஒரே கட்டத்தில் எடுக்கக்கூடிய புள்ளிக் கணக்கு, அந்த 2தான் தலையிடி. மற்ற இரண்டு பந்தும் ஒரே கட்டத்தில் நின்றால், இரண்டாவது புள்ளி எடுக்கும்போது ஒன்றாவது கட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறித் திரும்பி வந்தால் குற்றமில்லை, வித்தையே அதில்தான் இருக்கிறது: முதல் பந்து எதிர்க்கரையில் பட்டு வந்து இரண்டாவதுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். எனக்கு ஒரு மாதம் பந்து மூலை மூலையாக ஓடியது. இன்னொரு வழி, பந்துகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக நிறுத்தப் பாருங்கள், வேறு வேறு கட்டம் என்பதால் கட்டுப்பாடே இல்லை.

மார்கழி மழையில் துணி ஈரம் பிடித்துப் பந்து சுணங்கும், அந்த நாட்களில் கொஞ்சம் கூட்டி அடிக்கலாம்.