லேசருக்குப் போகும் முன்: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் நடந்தால் முடி நீக்கவும் தோலைச் சரிசெய்யவும் 'லேசர், பாதி விலை' என்ற பலகை அடிக்கடி கண்ணில் படும். உள்ளே போனதும் விலையைக் கேட்காதீர்கள். என்ன மெஷின், என் நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

என் அண்ணி வந்த புதிதில் கால் முடியை நீக்க ஐபிஎல் என்ற ஒளிச் சிகிச்சை செய்துகொண்டார். முதலில் சின்ன இடத்தில் செய்து பார்க்கும் டெஸ்ட் பேட்ச் கூடப் போட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் மெஷின் முனை பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னச் செவ்வகங்களாகச் சிவந்து, அப்புறம் பழுப்பாகி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல வரிசையாக நின்றது. மறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கோடை முழுக்க அவர் கால் தெரிய உடுத்தவே இல்லை.

விஷயம் இதுதான். முடியை அழிக்கும் ஒளி, நிறம் தரும் பொருளான மெலனினைத் தேடிப் போகிறது, அந்த மெலனின் முடி வேரில் மட்டுமில்லை, நம் தோலிலும் நிறைய இருக்கிறது. மருத்துவர்கள் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் தோலை மிக வெளிர்ந்த 1 முதல் மிகக் கறுத்த 6 வரை வகைப்படுத்துவார்கள், நம்மில் பெரும்பாலோர் 4, 5, சிலர் 6. ஐபிஎல் உண்மையில் லேசரே இல்லை, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர்ந்த தோலுக்குப் பொருந்தும். நமக்குக் கூடுதல் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர், அது மேல்தோலின் நிறத்தை அதிகம் சீண்டாமல் ஆழமாக இறங்கும். தாடையில் முடி அடர்ந்து மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் இருந்தால் முதலில் ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம், சொல்லுங்கள். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருந்தால் லேசர் செய்தாலும் முடி திரும்பத் திரும்ப வரலாம்.

கன்னத்தில் மங்கு இருப்பவர்கள் தயவுசெய்து லேசரில் தொடங்காதீர்கள். சூடு பட்டால் மங்கு இன்னும் கருக்கும். தினமும் நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், கூடவே மருத்துவர் எழுதித் தரும் கிரீம், இதுதான் முதல் வழி. கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் கிரீமை இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, கடையில் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் ஸ்டீராய்டு கலந்த கிரீமும் முகத்துக்கு வேண்டாம்.

பருத் தழும்புக்கு முதலில் பரு அடங்க வேண்டும். ஃப்ராக்‌ஷனல் சிஓ2 என்ற லேசர் நம் தோலில் கருமை விட்டுப் போக வாய்ப்பு அதிகம், அதனால் நுண்ணூசிகள் வழியே ரேடியோ அலைச் சூடு தரும் ஆர்எஃப் மைக்ரோநீட்லிங் பொருந்துமா என்று கேளுங்கள். பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சமீபத்தில் சாப்பிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிலதுக்கு லேசரே தேவையில்லை. கழுத்தும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தேமல் பூஞ்சையால் வருவது, மருந்துக் கடையில் கேட்டாலே கிரீம் கிடைக்கும். வடிவமோ நிறமோ மாறுகிற மச்சத்தை அழகு நிலையத்தில் யாரையும் தொட விடாதீர்கள், அது ஜிபி பார்க்க வேண்டியது.

இங்கிலாந்தில் அழகுக்கான லேசரை யார் செய்யலாம் என்பதில் சட்டம் நாம் நினைக்கும் அளவுக்குக் கடுமையாக இல்லை. லண்டனில் பல பரோ கவுன்சில்கள், அதாவது வட்டார உள்ளாட்சிகள், இதற்குச் சிறப்புச் சிகிச்சை உரிமம் கொடுக்கின்றன, காட்டுங்கள் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். டாக்டர் என்று சொன்னால் அவர் பெயரை மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜிஎம்சி அமைப்பின் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம், தோல் மருத்துவ நிபுணரா என்பதும் அங்கேயே தெரியும்.

டெஸ்ட் பேட்ச் போட்டு அடுத்த நாளே முழுதாகச் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள், நம் தோலில் கருமை மெதுவாகத்தான் வெளியே தெரியும், ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். முடிக்குப் போவதானால் அதற்கு முந்தைய நான்கு வாரம் த்ரெடிங், வாக்ஸிங் வேண்டாம், ஷேவ் செய்யலாம். ஊருக்குப் போய் வெயிலில் கறுத்துத் திரும்பினாலும் ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். கல்யாணத்துக்காக என்றால் போன கையோடு முடிகிற வேலையில்லை, முடிக்கு மட்டுமே வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஆறு, எட்டு தடவை போக வேண்டும், வெயில் குறைவான அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள்.